குடற்புழு மருந்து ஏன் கேட்பதில்லை? வெள்ளாடு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆட்டுக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "போன மாசம்தான் சார் குடற்புழு மருந்து ஊத்தினேன். ஆனாலும் ஆடு மெலிஞ்சுகிட்டே போகுது. சாயங்காலம் மேய்ஞ்சு வந்தா தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது, காலைல பார்த்தா வத்திடுது." அப்புறம் காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார்: "ஆட்டுக்கு மருந்து பழகிப்போச்சு போல."

முதல் தவறு இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆட்டுக்கு எதுவும் பழகவில்லை. அதன் உடம்பில் மருந்து எப்போதும் போலத்தான் ஓடுகிறது. மாறியிருப்பது வயிற்றுக்குள் இருக்கும் புழுக்கூட்டம். அந்தக் கூட்டத்திலும் எந்தத் தனிப்புழுவும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வதில்லை. மருந்து வேலை செய்யாத மரபணுவோடு பிறந்த சில புழுக்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தது. பட்டியில் நல்ல கிடாயைப் பொலிக்கு நிறுத்திக்கொண்டு மற்றதை விற்கிறோமே, அதே வேலையைப் புழுக்களுக்குள் மருந்து செய்கிறது. ஒவ்வொரு தடவை மருந்து ஊற்றும்போதும் புழுவில் பொலி கிடா தேர்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தவறுகள் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பது அதிலிருந்தே விளங்கும்.

வெயில் நாடுகளில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பெரிய எதிரி ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்ற ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு. நான்காம் இரைப்பையில் குடியிருக்கும். இறந்த ஆட்டை அறுத்து அந்த இரைப்பையைத் திறந்தால் சவ்வின் மேல் 2, 3 சென்டிமீட்டர் நீளத்தில் நூல் நூலாக நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பெண்புழுவை எடுத்துத் தண்ணீரில் போட்டால் சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறு போலத் தெரியும். சிவப்பு, ஆட்டின் ரத்தம் நிறைந்த குடல். அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளை, முட்டை சுமக்கும் உறுப்பு. ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணடிக்கும். 5,000 புழு இருந்தால் கால் லிட்டர் போய்விடும். 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான்.

பெண்புழு ஒன்று ஒரு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அதில் 200 பெண்புழு உள்ள ஓர் ஆடு தினமும் பத்து லட்சம் முட்டைக்குக் குறையாமல் தரையில் போடுகிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் மரபணு எழுத்து பிசகிய சில புழுக்கள் எப்போதும் இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பிசகு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் போன்ற பென்சிமிடசோல் மருந்துகள் புழுவின் செல்லில் உள்ள பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டும். செல்லுக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் நுண்குழல்கள் இந்தப் புரதத்தால் கட்டப்படுபவை. மருந்து ஒட்டினால் குழல் கட்ட முடியாது, சத்து போய்ச் சேராது, புழு சாகும். இந்தப் புரதத்தின் 200-வது இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதற்கான மரபணு எழுத்துகள் டி-டி-சி. நடு எழுத்து மட்டும் மாறி டி-ஏ-சி ஆனால், அந்த இடத்தில் டைரோசின் வந்து உட்கார்ந்துவிடும். மருந்துக்கு அப்புறம் சரியான பிடி கிடைக்காது, ஆனால் குழல் கட்டும் வேலை தடையில்லாமல் நடக்கும். புழுவின் மரபணுத் தொகுப்பில் சுமார் 28 கோடி எழுத்துகள் உண்டு. அதில் ஓர் எழுத்து மாறினால் போதும், நாம் காசு கொடுத்து வாங்கிய பாட்டில் வீணாகிறது. 167, 198-வது இடங்களில் ஏற்படும் மாற்றங்களும் இதே பலனைத் தருகின்றன.

அளவைக் குறைத்து ஊற்றுவது

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு புழுவுக்கும் இந்த மரபணுவில் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பென்சிமிடசோல் எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக நடந்துகொள்கிறது. இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் புழு முழு அளவு மருந்தைத் தாங்கும். ஒரு பிரதி மட்டும் மாறிய கலப்புப் புழு முழு அளவில் பெரும்பாலும் செத்துவிடும், குறைந்த அளவில் பிழைத்துக்கொள்ளும்.

சரி, இப்போது கணக்கு. உங்கள் பட்டியில் உள்ள புழுக்களின் மரபணுப் பிரதிகளில் நூற்றில் ஒன்று மாறியது என்று வைத்துக்கொள்வோம். 10,000 புழுவை எடுத்தால் இரண்டு பிரதியும் மாறியது 1 புழுதான் இருக்கும். ஒரு பிரதி மாறிய கலப்புப் புழுவோ 198 இருக்கும். முழு அளவு ஊற்றினால் தப்புவது அந்த ஒன்று. அளவு குறைந்தால் கலப்புப் புழுக்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 200 தப்பிக்கின்றன. தப்பிய கலப்புகள் ஒன்றோடொன்று இணையும்போது பிறப்பதில் நான்கில் ஒன்று இரண்டு பிரதியும் மாறிய முழு எதிர்ப்புப் புழு. ஆரம்பத்தில் பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்தது எவ்வளவு சீக்கிரம் கூட்டத்தையே பிடித்துவிடும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அளவு எப்படிக் குறைகிறது? வேண்டுமென்று யாரும் குறைப்பதில்லை. கண் மதிப்பில் எடை போடுவோம், 32 கிலோ கிடாய் 25 கிலோ போலத் தெரியும். மந்தையின் சராசரிக்கு ஊற்றுவோம், பெரிய ஆட்டுக்கெல்லாம் குறையும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுவோம், மருந்து அடியில் தங்கி மேலே வெறும் தண்ணீராக வரும். நாக்கின் நுனியில் விட்டால் பாதியை ஆடு துப்பிவிடும். இன்னொன்று, மருந்தை வாயின் முன்பக்கம் விட்டால் சில சமயம் முதல் இரைப்பையைத் தாண்டி நேராக நான்காம் இரைப்பைக்குப் போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடும். நாக்கின் பின்பகுதி வரை குழலைக் கொண்டுபோய், அவசரப்படாமல் ஊற்ற வேண்டும். புரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தலையை ரொம்ப மேலே தூக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேல் வெள்ளாட்டுக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. வெள்ளாட்டின் கல்லீரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியே தள்ளும். லேபிளில் செம்மறிக்குப் போட்ட அளவை வெள்ளாட்டுக்கு ஊற்றினால் அதுவே குறைந்த அளவுதான். பென்சிமிடசோல், ஐவர்மெக்டின் இரண்டுக்கும் செம்மறி அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கும், லெவாமிசோலுக்கு ஒன்றரை மடங்கும் வெள்ளாட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். ஆனால் இதை நீங்களே கணக்குப் போட்டு ஊற்றக் கூடாது. லெவாமிசோலில் அளவு கொஞ்சம் மீறினாலும் எச்சில் ஒழுகி, நடுக்கம் கண்டு ஆடு செத்துப் போகலாம். அல்பென்டசோலை முதல் மாதச் சினையில் கொடுத்தால் குட்டி ஊனமாகும் ஆபத்து உண்டு. எடையை நீங்கள் தராசில் போட்டுச் சொல்லுங்கள், மில்லியைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். சாக்கில் தொங்கவிட்டுப் பார்க்கும் தராசு போதும். பால், இறைச்சியை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அளவு கூடினால் அந்த நாளும் கூடும்.

மந்தை முழுக்க, தேதி பார்த்து ஊற்றுவது

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் மருந்து என்பது ஒழுங்கான பண்ணையின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் சொல்லிக் கொடுக்கப்பட்டதே அப்படித்தான். ஆனால் மரபணுக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

மறுபடி அதே நூற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 ஆடு, ஒவ்வொன்றிலும் 1,000 புழு, மொத்தம் ஒரு லட்சம். இரண்டு பிரதியும் மாறிய புழு அதில் 10 இருக்கும். நூறு ஆட்டுக்கும் முழு அளவு ஊற்றினால் மிஞ்சுவது அந்த 10 மட்டும். அவை தங்களுக்குள்ளேயே இணையும், பிறப்பது எல்லாமே எதிர்ப்புப் புழு. இப்போது நல்ல நிலையில் உள்ள 10 ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றாமல் விடுங்கள். அந்த 10 ஆட்டில் 10,000 புழு பிழைத்திருக்கும், பெரும்பாலும் மருந்துக்குச் சாகும் சாதாரணப் புழுக்கள். மற்ற 90 ஆட்டில் தப்பிய 9 எதிர்ப்புப் புழுக்களின் வாரிசுகள் இந்தப் பெருங்கூட்டத்தில் கலந்துவிடும். மாறிய பிரதியின் பங்கு 1 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். முந்தைய கணக்கில் அதே பங்கு ஒரே தடவையில் 100 சதவீதம் ஆனது.

இது எளிமையாக்கிய கணக்கு. மேய்ச்சல் தரையில் புல்லில் ஏறி நிற்கும் இளம்புழுக்களும் மருந்து படாமல் இருப்பவை, அவையும் இந்தக் கலப்புக்கு உதவும். ஆனால் கடும் கோடையில் தரையில் இளம்புழு காய்ந்து செத்துவிடும், அப்போது புழு என்று இருப்பதெல்லாம் ஆட்டின் வயிற்றில்தான். அந்தச் சமயத்தில் மந்தை முழுக்க ஊற்றினால், மழை வந்ததும் தரையை நிரப்பப்போவது தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் மட்டுமே. மருந்து ஊற்றிய கையோடு எல்லா ஆட்டையும் புழு இல்லாத புதுத் தரைக்கு மாற்றுவதிலும் இதே சிக்கல்தான். நல்லது என்று நினைத்துச் செய்வது, எதிர்ப்புப் புழுவை மட்டும் எடுத்துப் புது நிலத்தில் விதைப்பதாகிவிடும்.

எந்த ஆட்டை விடுவது, எதற்கு ஊற்றுவது? தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறை இதற்கு வழி காட்டுகிறது. கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்க நிறத்தை இதற்கென்றே உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு 1, வெளிறிப் போய்க் காகிதம் போல வெள்ளை என்றால் 5. நான்கும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்கு. ஒன்றும் இரண்டும் விட்டுவிடலாம். மூன்று என்றால் குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு இவற்றுக்கு ஊற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு மந்தையில் புழுச் சுமையின் பெரும்பகுதி சில ஆடுகளில்தான் குவிந்திருக்கும் என்பதால் இந்த முறை கைகொடுக்கிறது. ஆனால் இது ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் போன்ற புழுவில் கழிச்சலும் மெலிவும் வரும், இமை சிவப்பாகவே இருக்கும். உண்ணித் தொல்லை, கல்லீரல் தட்டைப்புழு ஆகியவற்றாலும் இமை வெளுக்கும்.

பாட்டிலை மாற்றினால் மருந்து மாறிவிட்டது என்று நம்புவது

அல்பென்டசோல் கேட்கவில்லை என்று ஃபென்பென்டசோல் வாங்குவார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, விலையும் வேறு. ஆனால் இரண்டும் ஒட்டுவது அதே பீட்டா டியூபுலினில். 200-வது இடத்தில் மாறிய புழுவுக்கு இரண்டும் ஒன்றுதான். கடையில் கேட்க வேண்டியது பாட்டிலின் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்து எந்தக் குடும்பம் என்பதை.

லெவாமிசோல் வேறு குடும்பம். அது புழுவின் தசையில் உள்ள அசிட்டைல்கோலின் வாங்கியை (நரம்புச் சைகையை வாங்கிக்கொள்ளும் புரதம்) தூண்டி, தசையை இறுக்கி முடக்கிவிடும். ஐவர்மெக்டின் மூன்றாவது குடும்பம், நரம்பிலும் தொண்டைத் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்து புழுவைச் செயலிழக்கச் செய்யும். குளோசன்டெல் இன்னொன்று, ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும் வேலை செய்யும்.

எல்லா எதிர்ப்பும் ஒரே மரபணு என்று எண்ணுவது

படித்தவர்கள் செய்யும் தவறு இது. பென்சிமிடசோலுக்கு எழுத்து மாற்றம் தெரிந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வந்துவிட்டது, இனி எல்லா மருந்துக்கும் அப்படியே ஒரு சோதனை செய்துவிடலாம் என்று நினைப்பது. ஐவர்மெக்டினில் இது பல வருடம் ஆராய்ச்சியாளர்களையே சுற்றவிட்டது. மருந்து ஒட்டும் வாயில்களின் மரபணுக்களையும், மருந்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற புரதங்களின் மரபணுக்களையும் சந்தேகப் பட்டியலில் வைத்துத் தேடினார்கள். ஒரு நாட்டுப் புழுவில் பொருந்தியது இன்னொரு நாட்டில் பொருந்தவில்லை.

2013-ல் ஹீமான்கஸின் மரபணுத் தொகுப்பு வெளியானது, 2020-ல் குரோமோசோம் அளவில் முழுமையான வரைபடம் வந்தது. அப்புறம்தான் தெளிவு பிறந்தது. எல்லா மருந்துக்கும் சாகும் புழு வகையையும், அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்த, மூன்று குடும்ப மருந்துக்கும் சாகாத புழு வகையையும் இணைத்து, பேரப்பிள்ளைத் தலைமுறைக்கு மருந்து கொடுத்து, தப்பியவற்றின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் அலசினார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வில் பென்சிமிடசோலுக்கு முதலாம் குரோமோசோமில் பீட்டா டியூபுலின் எதிர்பார்த்தபடியே நின்றது. லெவாமிசோலுக்கு ஏசிஆர்-8 என்ற வாங்கியின் 168-வது இடத்தில் ஒரு மாற்றம் கிடைத்தது. ஐவர்மெக்டினுக்கு ஐந்தாம் குரோமோசோமில் ஒரே பகுதி தூக்கலாகத் தெரிந்தது. பழைய சந்தேகப் பட்டியலில் இருந்த பெரும்பாலான மரபணுக்கள் அங்கே இல்லை. அந்தப் பகுதியில் வலுவாகச் சந்தேகிக்கப்படுவது சிகேஒய்-1 என்ற மரபணு. அது மருந்து ஒட்டும் இடமே இல்லை, மற்ற மரபணுக்களை இயக்குகிற புரதத்தைத் தருவது. ஆகவே ஐவர்மெக்டினுக்கு ஒரே ஓர் எழுத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

புது மருந்து வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பது

பென்சிமிடசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தையாபென்டசோல் 1961-ல் விற்பனைக்கு வந்தது, 1964-லேயே எதிர்ப்பு பதிவானது. நம் நாட்டில் செம்மறியின் ஹீமான்கஸில் அதே மருந்துக்கு எதிர்ப்பு இருப்பது 1976-ல் பதிவானது. 1981-ல் வந்த ஐவர்மெக்டின், அதைத் தந்த கண்டுபிடிப்புக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைக்கும் அளவுக்குப் பெரிய மருந்து. ஆனால் தென்னாப்பிரிக்காவில் 1980-களிலேயே ஆட்டுப்புழு அதைத் தாண்டிவிட்டது. மோனிபான்டெல் என்ற இன்னொரு குடும்ப மருந்து 2009-ல் நியூசிலாந்தில் வந்தது. அங்கே வெள்ளாடும் செம்மறியும் வளர்த்த ஒரு பண்ணையில், முதல் தடவை பயன்படுத்தி 2 வருடம் ஆவதற்குள் அது கேட்காமல் போனது 2013-ல் வெளியானது.

மருந்தைச் சில வருடம் நிறுத்தி வைத்தால் பழைய நிலை திரும்பும் என்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. டியூபுலினில் எழுத்து மாறிய புழு மருந்து இல்லாத காலத்திலும் மற்றவை போலவே முட்டையிட்டு வாழ்கிறது. அது தானாகக் குறைய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் விடுவது

பத்து வருடம் நீங்கள் கவனமாக இருந்திருக்கலாம். வாங்கி வந்த ஒரு பொலி கிடா, வேறு யாரோ செய்த தவறுகளின் மரபணுவை ஒரே நாளில் உங்கள் தரையில் போட்டுவிடும். புது ஆட்டைப் பரண் கொட்டகையிலோ புல் இல்லாத இடத்திலோ தனியாக நிறுத்துங்கள். மருத்துவர் சொல்லும் வெவ்வேறு குடும்ப மருந்துகளைக் கொடுத்து, 14 நாள் கழித்துப் புழுக்கையைச் சோதித்து, முட்டை இல்லை என்று தெரிந்த பின் மந்தையோடு விடுங்கள். அந்த 14 நாள் புழுக்கையை மேய்ச்சல் நிலத்துக்கு எருவாகப் போட்டுவிடாதீர்கள்.

சோதிக்காமல் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டுவது

புழுக்கையில் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் பதறிப்போய் மருந்து வாங்குவார்கள். அவை நாடாப்புழுவின் கண்ணிகள். வளர்ந்த ஆட்டுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆட்டைக் கொல்லும் ஹீமான்கஸின் முட்டை வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வழி சுலபம். 10 முதல் 15 ஆட்டுக்குக் காதில் எண் போட்டு, மருந்து ஊற்றும் அன்று புழுக்கை எடுங்கள். 14 நாள் கழித்து அதே ஆடுகளிடம் மறுபடி எடுங்கள். ஒரு கிராமுக்குச் சராசரி 1,200 முட்டை இருந்து 300 ஆனால் குறைந்தது 75 சதவீதம். நல்ல மருந்து என்றால் 95 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும். அளவும் காலாவதித் தேதியும் சரியாக இருந்து, அப்படியும் குறையவில்லை என்றால்தான் எதிர்ப்பு என்று பேசலாம்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு விஷயம். தரையில் கிடப்பதைப் பொறுக்கிக் கொண்டுவர வேண்டாம், அது எந்த ஆட்டுடையது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. கையுறை போட்டு நேரடியாக ஆசனவாயிலிருந்தே 5 கிராம் அளவுக்கு எடுத்து, சின்ன உறையில் காற்று போகாமல் கட்டி, ஆட்டின் எண்ணை எழுதுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குள் முட்டை பொரித்து இளம்புழு வெளியே வந்துவிடும், அப்புறம் எண்ண முட்டை இருக்காது. ஐஸ் பெட்டியிலோ குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலோ வைத்து மறுநாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். உறைய வைக்க மட்டும் வேண்டாம், உறைந்தால் முட்டை சிதைந்துவிடும்.